நோன்பு வண்டி

கார் எஞ்சினிலிருந்து கழற்றிய ஸ்பார்க் பிளக்கை வெயிலுக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார் ஜெகபர் அலி. நுனியில் கரி படிந்திருந்தால் உதட்டைச் சுழிப்பார். வறுத்த தனியாவின் நிறத்தில் இருந்தால் தலை லேசாக ஆடும். கைலி முனையால் துடைத்து, திரும்ப மாட்டி, விரலால் முறுக்கும் வரை முறுக்கிவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொடுவார். ஒரு நாளைக்கு ஒரு பிளக். நாலும் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து.

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு ஆள் சேர்த்துக்கொண்டு ஓடும் அம்பாசடர்களில், பெட்ரோலில் ஓடுவது இப்போது இவர் ஓட்டும் வண்டி மட்டும்தான். பெட்ரோல் விலை ஏறியபோது மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக டீசல் எஞ்சினை வாங்கிப் பொருத்திக்கொண்டார்கள். அந்த வண்டிகள் ஸ்டாண்டில் நிற்கும்போதே கதவுகள் கிடுகிடுக்கும். கிருஷ்ணன் என்ற டிரைவர், "நம்ம வண்டில ஏறினா தின்னது கெணத்துல கல்லு விழுந்தாப்ல எறங்கிடும்" என்று சொல்லித்தான் ஆள் கூப்பிடுகிறார்.

ஜெகபர் அலி டீசலுக்கு மாறவில்லை. பதிலாக பெட்ரோலைக் குறைத்தார். கார்புரேட்டரின் அடியில் ஒரு நட்டு உண்டு. அதை மேலே ஏற்றினால் பெட்ரோல் குறைந்து காற்று கூடும். கலவை மெலிய மெலிய, ஒரு லிட்டருக்கு வண்டி இன்னும் கொஞ்ச தூரம் போகும். அளவு மீறினால் எஞ்சின் சூடேறும், புறப்படும்போது உதறும், பிளக் வெளுத்துப்போகும். "நண்டு வவுறு மாதிரி வெள்ளையாச்சுன்னா தொலைஞ்சோம். வால்வு கருகிடும்" என்பார். அந்த வெளுப்புக்கு ஒரு நூல் இப்பால் வண்டியை நிறுத்தி வைப்பதுதான் அவருடைய அன்றாடப் பாடு. உதறலை அவர் பாதம் பார்த்துக்கொள்ளும். ஆக்சிலரேட்டரை அவர் மிதித்து யாரும் பார்த்ததில்லை. தூங்கும் பூனையின் மேல் கால் வைக்கிறாற்போல மெல்ல வைப்பார்.

டீக்கடையில் ஒருநாள் யாரோ பத்திரிகையை உரக்க வாசித்தார்கள். ஜப்பானில் மெலிந்த கலவையிலேயே ஓடும்படி எஞ்சின் செய்கிறார்களாம். வேறொரு ஊரில் பெட்ரோலும் பேட்டரியும் மாறி மாறி இழுக்கிற காரைச் சோதித்துப் பார்க்கிறார்களாம். எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டிருக்க, ஜெகபர் அலி கேட்டது ஒன்றைத்தான். "அந்த ஜப்பான்காரன் வால்வ எதுல செஞ்சிருக்கான்னு போட்டுருக்கா பாரு." போட்டிருக்கவில்லை. டம்ளரைக் கவிழ்த்துவிட்டு எழுந்துவிட்டார்.

பேட்டரி காருக்குப் பதில் சொன்னவர் திரௌபதி. "இதுல இன்னா அதிசயம்? எங்க படகுல பாயும் கீது, கழியும் கீது. காத்து வந்தா பாயி, வராங்காட்டி கழி." பிறகு ஜெகபர் அலியைப் பார்த்து, "நான் உன்னச் சொல்லல பாய்" என்றார். கடையே சிரித்தது.

திரௌபதி ஏரிக்கு நடுவே தீவாக இருக்கும் பசியாவரத்துக்காரர். ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, ஓலைப் பறிக்கூடையை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறவர். போன மழைக்காலத்தில் படகிலிருந்து இறங்கும்போது வழுக்கி, மரவிளிம்பில் முதுகு அடிபட விழுந்தார். மாதக்கணக்கில் படுக்கை. இப்போது புதன்கிழமைதோறும் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போய் முதுகுக்கு வைத்தியம் செய்துகொள்ள வேண்டும். விடாமல் வந்தால் மறுபடி குனிந்து வேலை செய்யலாம், நடுவில் விட்டால் முதுகு இப்படியே இறுகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் ஒருமுறை போய்த் திரும்பியவர் மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. டீசல் கார் வழியிலுள்ள திருப்பாலைவனம் தாண்டுவதற்குள் கண்ணில் நீர் வரவழைத்துவிட்டது. ஜெகபர் அலியின் வண்டிதான் அவருக்குத் தாங்கியது.

அதிலும் முதல் தடவை புறப்படும்போது வண்டி ஓர் உதறு உதறியது. திரௌபதி முதுகைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "இன்னா பாய், உங்காளுங்க வருசத்துல ஒரு மாசந்தான நோன்பு இருப்பீங்க? இந்த வண்டி இன்னா பாவம் பண்ணிச்சு, பன்னண்டு மாசமும் பட்டினி போடற?"

அன்றிலிருந்து ஸ்டாண்டில் அதற்கு நோன்பு வண்டி என்றே பெயர். அடுத்த புதன்கிழமை, பசியாவரத்துப் படகு கரை தட்டியதும் ஜெகபர் அலி பானெட்டைத் திறந்து அந்த நட்டைக் கொஞ்சம் கீழே இறக்கினார். வண்டி வெண்ணெய்போல நகர்ந்தது. என்ன செய்தீர்கள் என்று முன்சீட்டில் இருந்தவர் கேட்டதற்கு, "நோயாளிக்கு நோன்பு கடமையில்லே" என்று மட்டும் சொன்னார். திரும்பி வந்து திரௌபதியை இறக்கிவிட்டதும் நட்டு பழைய இடத்துக்கு ஏறிவிட்டது. புதன்கிழமை தின்றதை மற்ற நாட்களில் மிச்சம் பிடித்தாக வேண்டும் அல்லவா?

ஏனென்றால் வண்டி அவருடையது இல்லை. அவருடைய அக்கா பரக்கத் பீவியின் கணவர் இறந்தபோது விட்டுப்போனது. அக்காவை அவர் லாத்தா என்று கூப்பிடுவார், லாத்தா பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசமாட்டார். ஊரெல்லாம் டீசல் போட்டாகிவிட்டது, நாம் மட்டும் ஏன் பெட்ரோலைக் கொளுத்த வேண்டும் என்று லாத்தா மாதக்கணக்கில் கேட்டுவந்தார். கடைசியில் பொன்னேரி மெக்கானிக் லோகநாதனிடம் ஒரு பழைய டீசல் எஞ்சினுக்குச் சொல்லியும் வைத்துவிட்டார். டீசலுக்குச் சமமாகப் பெட்ரோலில் ஓட்டிக் காட்டுகிறேன் என்று தம்பி கெஞ்சியதால், எஞ்சின் வந்து சேரும் வரைக்கும் தவணை கிடைத்தது.

அந்தத் தவணையில்தான் ஜெகபர் அலி நிதானம் இழந்தார். புதன்கிழமைகளை ஈடுகட்ட நட்டை ஏற்றினார், மேலும் ஏற்றினார். ஆனி மாத வெயிலில் ஒரு நாள், ஆண்டார்மடம் தாண்டி வயல்வெளியில், வண்டி படபடவென்று இருமி நின்றது. அவர் இறங்கி பிளக்கைக் கழற்றினார். சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "பேராசப்பட்டுட்டேன்" என்றார், பயணிகளிடம் அல்ல, வண்டியிடம். மாட்டு வண்டியில் கட்டி லோகநாதன் ஷெட்டுக்கு இழுத்துப்போனார்கள்.

மறுநாள் புதன்கிழமை. ஷெட்டுக்கு வந்துவிட்ட டீசல் எஞ்சினை விலை பேசி முடித்துவிட்டு வரலாமென்று பரக்கத் பீவி கிருஷ்ணனின் வண்டியில் ஏறினார். வேறு வழியில்லாமல் திரௌபதியும் அதிலேயே ஏறினார். முன்சீட்டில் ஜெகபர் அலி. பொன்னேரி வரும் வரை அவர் பின்னால் திரும்பவே இல்லை.

திரௌபதி இரண்டு உள்ளங்கைகளையும் சீட்டில் ஊன்றி, உடம்பைச் சீட்டில் படாமல் தூக்கிப் பிடித்தபடி வந்தார். பரக்கத் பீவி கொஞ்ச தூரம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு தாம் போர்த்தியிருந்த வெள்ளைத் துப்பட்டியை அவிழ்த்து, நாலாக மடித்து அவருக்கு அடியில் வைத்தார்.

"பரவால்லம்மா" என்றார் திரௌபதி.

"எப்பவும் இப்பிடித்தான் வருவியா?"

"எப்பவும் பாய் வண்டிதான். அதுல ஏறினா தண்ணி மேல போறாப்ல இருக்கும்மா."

ஷெட்டில் இறங்கியதும், எஞ்சினைக் காட்ட சாக்கை விலக்கிய லோகநாதனிடம் பரக்கத் பீவி சொன்னார்: "அத வேற யாருக்காச்சும் குடு. மொதல்ல வால்வப் பாரு."

லோகநாதன் ஜெகபர் அலியைப் பார்த்தார். ஜெகபர் அலி தரையைப் பார்த்தார்.

"ஜெகபரு, வண்டிய இனிமே காயப்போடாத. வருமானம் பத்தலன்னா காலைல எளாவூருக்கு ஒரு நடை சேத்து ஓட்டு. நண்டுக்கூடை ஏத்தக் கூச்சப்படாத" என்றார் லாத்தா.

இப்போது அவர் விடிவதற்குள் எளாவூர் போய்விட்டு வருகிறார். வண்டியில் நண்டு வாசனை நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. அதைப்பற்றி யாராவது முகம் சுளித்தால், ஜன்னல் இருக்கிறதே என்று காட்டுவார். நட்டு பழைய அளவிலிருந்து கொஞ்சம் இறங்கியே இருக்கிறது. ஆனாலும் சிக்கனம் விட்டுப்போகவில்லை. மாடு குறுக்கே வந்தால் பிரேக் போடுவதற்குப் பதில், நூறடி முன்னாலேயே காலை எடுத்துவிட்டு, மாடு போகும் வரை வண்டியைத் தானாக ஊர விடுவார்.

சென்ற புதன்கிழமை, திருப்பாலைவனம் தாண்டியதும் பின்சீட்டில் பேச்சு நின்றுபோயிற்று. கண்ணாடியில் பார்த்தார். திரௌபதி ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிப்போயிருந்தார். விழுந்த நாளிலிருந்து இரவில்கூட முழுசாகத் தூங்கியதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர். வாய் லேசாகத் திறந்திருந்தது. கை மடியில் தளர்ந்து கிடந்தது.

பொன்னேரி ஆஸ்பத்திரி வாசலில் மரத்தடியில் வண்டியைச் சேர்த்தார். மற்றவர்கள் இறங்கினார்கள். சாவியைத் தொட்ட கை, திருகாமலே திரும்பிவிட்டது. எஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. "ஆஃப் பண்ணலியா பாய்?" என்று கேட்டவரைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். கதவை அடிக்காமல் சாத்திவிட்டு இறங்கி, திரௌபதியின் முகத்தில் வெயில் விழுந்த பக்கமாகப் போய், ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றார்.