விதிப்படி பழசான விமானம்

தொழிற்சாலையில் அவரைப் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ரிஜெக்ட் சார் என்றால்தான் கேட்டில் நிற்கிற காவலாளிக்கே ஆள் யாரென்று புரியும். ஃப்ரிட்ஜ் செய்கிற தொழிற்சாலை அது. பெயின்ட் அடித்துக் காய்ந்த கதவுகள் கொக்கியில் தொங்கியபடி ஒவ்வொன்றாக அவர் முன்னால் வரும். ட்யூப் லைட் வெளிச்சத்தில் தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்ப்பார். மயிரிழை அளவு கீறல் கண்ணில் பட்டாலும் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி, "திருத்தி அனுப்பு" என்பார். இருபத்தாறு வருஷமாக இதே பார்வை, இதே வார்த்தை. பெயின்ட் பிரிவுக்காரர்கள் அவரைத் திட்டாத நாள் கிடையாது.

கைப்பிடி மாட்டுவதற்கு முன்பே கதவு அவரைத் தாண்டிப் போய்விடும். அதற்கப்புறம் அதை யார் திறந்தார்கள், யார் மூடினார்கள், எப்படித் தேய்ந்தது என்பதெல்லாம் அவருடைய இலாகா இல்லை. புதுசாக இருக்கும்போது பார்த்தால் போதும் என்பது அவருடைய கொள்கை. அந்தக் கொள்கையை அவர் வீட்டுக்கும் எடுத்து வந்ததுதான் இந்தக் கதை.

கல்யாணமான வருஷம் அவர் இரண்டு பொருள் வாங்கினார். ஒன்று, தன் தொழிற்சாலை ஃப்ரிட்ஜ். பதினோரு கதவுகளைக் கழித்துக்கட்டிவிட்டுப் பன்னிரண்டாவதாகப் பொறுக்கி எடுத்த கதவு அதில் இருந்தது. குறையே இல்லாத ஒரே ஃப்ரிட்ஜ் தன் வீட்டில்தான் இருக்கிறது என்று உறவுக்காரர்களிடம் அன்றைக்கே சொல்லிவிட்டார். அதோடு அதைப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டார். தாகம் எடுத்தால் "தண்ணி குடு" என்பார், தண்ணீர் வந்துவிடும்.

இன்னொன்று, ஒட்டிச் சேர்க்கிற ஒரு பிளாஸ்டிக் விமானம். மூக்கில் விசிறி வைத்த பழைய காலத்துப் போர் விமானம், முழங்கை நீளம் இருக்கும். சாப்பாட்டு மேஜையின் மேல் பிரித்துப் பரப்பினார். இரண்டு வாரத்தில் முடிந்துவிடும் என்று புது மனைவியிடம் சொன்னார். இருபத்துமூன்று வருஷம் ஆகிறது. பெயின்ட் அடிப்பார், காய்ந்ததும் தலையைச் சாய்த்துப் பார்ப்பார், ஒரு தூசு தெரியும், மொத்தத்தையும் உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். தனக்கே சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்கிற ஆளை யார் என்ன செய்ய முடியும்? குடும்பம் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகிக்கொண்டது. மகள் அந்த மேஜையில் ஒரு நாள்கூட வீட்டுப்பாடம் எழுதாமல் படிப்பை முடித்து, வெளியூரில் வேலைக்கும் போய்விட்டாள்.

மனைவி பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவள். அவளுடைய தையல் மெஷின் படுக்கையறையில் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு நின்றது. காலை அசைத்தால் முட்டி கட்டிலில் இடிக்கும். இத்தனை வருஷம் பொறுத்தவள் இந்த வருஷம் வாய் திறந்தாள்.

"உங்க சங்கத்துக் கண்காட்சி முடிஞ்ச மறுநாள் மேஜை எனக்கு. ப்ளேன் முடிஞ்சாலும் சரி, முடியாட்டியும் சரி."

"முடியலன்னா?"

"பரண்ல ஏத்திடுவேன்."

அந்த வீட்டில் பரணுக்குப் போன எந்தப் பொருளும் மறுபடி இறங்கி வந்ததில்லை. இப்படி மாதிரி விமானம் ஒட்டுகிறவர்களின் சங்கத்தில் அவர் சேர்ந்து பதினான்கு வருஷம். முடித்தவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து பேசுவார்கள். முடிக்காதவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். பதினான்கு வருஷத்து டீ அவருக்குக் கசந்துபோயிருந்தது.

நல்லவேளையாக, அடிப்பூச்சு இந்த முறை தேறிவிட்டது. பாக்கி இருந்தது பழசாக்குகிற வேலைதான். பறந்து அடிபட்டுத் தேய்ந்த விமானம் போலத் தெரிந்தால்தான் சங்கத்தில் மதிப்பு. புத்தம்புதுசாகப் பளபளத்தால் பொம்மை என்று சொல்லிவிடுவார்கள். நம்ம ஆளுக்கு இது தலைகீழ்ப் பாடம். ஆயுசு முழுக்க எதைக் கண்டு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினாரோ, அதைத் தன் கையாலேயே செய்யவேண்டும்.

கம்ப்யூட்டரில் ஒரு தாடிக்காரர் பாடம் நடத்தினார். அவர் பேசிய மொழி இவருக்குப் புரியவில்லை, கை மட்டும் புரிந்தது. முதலில் வெள்ளி நிறம் அடிக்கவேண்டும். அதை ஈரமாக்கி, உப்பைக் கண்டபடி தூவிக் காயவிட்டு, அதன் மேல் பச்சை அடிக்கவேண்டும். காய்ந்ததும் உப்பைத் தட்டிவிட்டால் அங்கங்கே பச்சை உரிந்து உள்ளேயிருக்கும் தகடு தெரிகிற மாதிரி இருக்கும். கடைசியில் பழுப்புச் சாயத்தைத் தண்ணீர் போலக் கரைத்து இடுக்குகளில் ஓடவிட்டால் அழுக்கு.

எல்லாம் சரி. உப்பைக் கண்டபடி தூவவேண்டும் என்ற இடத்தில்தான் இவருக்குக் கை வரவில்லை. கண்டபடி என்றால் எத்தனை? எவ்வளவு தூரத்தில்? தொழிற்சாலையில் அதற்கு ஒரு பட்டியல் உண்டு, அவருடைய கறார்தான் அதற்கும் மேலே. எந்த இடத்தில் எத்தனை கீறல் வரை பொறுத்துக்கொள்ளலாம், எவ்வளவு நீளம் வரை தள்ளுபடி என்று எல்லாம் அதில் இருக்கும். அதை எடுத்து வைத்துக்கொண்டார். சமையலறையிலிருந்து உப்பு ஜாடியைக் கொண்டுவந்து, சாமணத்தால் ஒவ்வொரு கல்லாக எடுத்து, ஸ்கேலால் அளந்து, இடது இறக்கையில் ஏழு, வலது இறக்கையில் ஏழு என்று வைத்தார். ஒரு கீறலும் மூன்று மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. அந்த விமானம் அவருடைய தொழிற்சாலைக்கு வந்திருந்தால் பட்டியல்படி பாஸ் ஆகியிருக்கும். இப்படி ஒரு மனுஷன்.

கண்காட்சிக்கு ஒரு வாரம் முன்னால் சனிக்கிழமை மத்தியானம் சங்கத்தில் பரிசோதனை. சங்கச் செயலாளர் ஒரு பல் டாக்டர். கிளினிக்கின் மாடியறைதான் சங்கம். அவர் பல் பார்க்கிற சின்னக் கண்ணாடியை இறக்கைக்கு அடியில் விட்டுப் பார்த்தார், மேலே பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார்.

"பைலட் இதுல எந்தப் பக்கமா ஏறுவாரு சார்?"

இவருக்குத் தெரியவில்லை. இருபத்துமூன்று வருஷமாக இந்த விமானத்தோடு குடித்தனம் நடத்தியவர், அதில் ஒரு ஆள் ஏறுவான் என்றே யோசித்ததில்லை.

"இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் ஏழு. அம்பது வயசு ஆளோட வாயில முப்பத்திரண்டு பல்லும் ஒரே அளவா தேஞ்சிருந்தா, அது செட்டுப் பல்லுன்னு அர்த்தம். இது செட்டுப் பல்லு சார்."

"அப்ப ரிஜெக்டா?"

"அப்படிச் சொல்லுவேனா? திருத்திக் கொண்டுவாங்க. அடுத்த சனிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு."

திருத்திக் கொண்டுவா என்ற வார்த்தையின் எடை அவருக்குத் தெரியாததா? வீட்டுக்கு வந்து விமானத்தை மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். அழுகை வந்தது, வயதை நினைத்து அடக்கிக்கொண்டார்.

"தண்ணி குடு."

உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "இருபது சட்டைக்கு நாளைக்குக் காலைல ஆள் வருது. நீங்களே எடுத்துக்குங்க."

எழுந்து போய் ஃப்ரிட்ஜின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். கதவு வரவில்லை. பலமாக இழுத்தார். ஃப்ரிட்ஜே அவரை நோக்கி நகர்ந்தது. உள்ளே பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. சத்தம் கேட்டு மனைவி வாயில் குண்டூசியோடு வந்தாள். ஊசியை எடுத்துத் தோள் முந்தானையில் குத்திக்கொண்டாள்.

"அப்படி இழுத்தா வராது. நாலு விரல் கைப்பிடிக்குள்ள, கட்டைவிரல் இங்க. அழுத்தி, கொஞ்சம் மேல தூக்கி, அப்புறம் இழுக்கணும்."

கதவு திறந்தது. பாட்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, முழங்காலால் கதவை மூடினாள்.

அவர் தண்ணீர் குடிக்க மறந்து நின்றார். கட்டைவிரல் பட்ட இடத்தில் வெள்ளை போய், அடிப்பூச்சின் சாம்பல் தெரிந்தது. அதற்கு நடுவில் நகத்தின் அகலத்துக்குத் தகடு மின்னியது. ஓரத்தில் பழுப்பாகத் துரு. தாடிக்காரர் சொல்லிக்கொடுத்த வரிசை அப்படியே இருந்தது. கீழே முழங்கால் படுகிற இடத்தில் வட்டமாக ஒரு மங்கல். கதவின் அந்தக் கோடியோ, தொழிற்சாலையில் அவர் பார்த்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே. அங்கே கை வைக்க யாருக்கும் வேலை இல்லை.

"இது எத்தனை நாளா இப்படி?"

"கீல் எறங்கிப் பதினோரு வருஷம் ஆச்சு."

"சொல்லியிருக்கலாமில்ல."

"சொன்னேன். ப்ளேன் முடியட்டும்னு சொன்னீங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை, மணி கேட்டால் மணி சொல்வது போலச் சொன்னாள். அவருக்குச் சுருக்கென்றது. சொன்னது ஞாபகமும் வந்தது. வாலுக்கு ஐந்தாவது முறை பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த நாள் அது.

அந்த வாரம் லீவு போட்டுவிட்டு, ஃப்ரிட்ஜுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். விமானத்தின் பச்சையையும் பழைய கீறல்களையும் தின்னரால் துடைத்துவிட்டு மறுபடி வெள்ளி அடித்தார். ஒவ்வொரு தடவையும் மனைவி வந்து கதவைத் திறக்கும்போது கண் கொட்டாமல் பார்த்தார். பைலட் எந்தப் பக்கம் ஏறுவான் என்று பெட்டியோடு வந்த படத்தில் தேடினார். இடது பக்கம். எங்கே கையை ஊன்றுவான் என்று மனைவியிடமே கேட்டார்.

"எந்தக் கையில பை வச்சிருப்பாரு?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். அது நல்ல கேள்வி. தாடிக்காரர்கூட அதைக் கேட்டதில்லை.

இடது இறக்கையின் மேல், உடலோடு சேருகிற முனையில், கால் வைத்து ஏறுகிற இடத்தில் மட்டும், உப்பை அளக்காமல் ஒரு பிடி அள்ளிப் போட்டார். வலது இறக்கையில் ஒரு கல்கூடப் போடவில்லை. சனிக்கிழமை டாக்டர் கண்ணாடியை விட்டுப் பார்த்துவிட்டு, "யார்கிட்ட சார் கத்துக்கிட்டீங்க?" என்றார்.

"வீட்டம்மாகிட்ட."

டாக்டர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கண்காட்சியில் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். டீயும் கொடுத்தார்கள். அதே டீதான்.

திங்கட்கிழமை காலையில் மேஜையை அவரே துடைத்துக் கொடுத்தார். தையல் மெஷின் கூடத்துக்கு வந்தது, விமானம் ஃப்ரிட்ஜின் தலைக்கு ஏறியது. அதே கையோடு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கீலைக் கழற்றி, ஒரு வாஷர் போட்டு, இரண்டு ஸ்க்ரூவை முடுக்கினார். சுவர்க் கடிகாரத்தின்படி பன்னிரண்டு நிமிஷம்.

"திறந்து பாரு."

அவள் வந்தாள். கட்டைவிரலை அதன் இடத்தில் அழுத்தி, மேலே தூக்கி இழுத்தாள். கதவு இறகு போல வந்துவிட, ஒரு எட்டுப் பின்னால் போனாள்.

"அவ்ளோதானா?" என்றாள்.

"அவ்ளோதான்."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். தலையைச் சாய்க்கவில்லை, நேராகவே பார்த்தாள். பிறகு போய் மெஷினில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். மத்தியானம் தயிர் எடுக்க வந்தபோதும் கட்டைவிரலை அழுத்திக் கதவைத் தூக்கித்தான் திறந்தாள். இனிமேல் தூக்கவேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.