கண்ணளவு அக்கா

அந்த ஜவுளிக்கடையின் இரண்டாம் மாடியில், பெண்கள் உள்ளாடைப் பிரிவில், பதினோரு வருஷமாக நின்றுகொண்டிருப்பவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்குவதில்லை. கடையில் எல்லாருக்கும் அவள் கண்ணளவு அக்கா.

படியேறி வருகிறவளை ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். வந்தவள் மேஜை முன்னால் நின்று, அக்கம்பக்கம் பார்த்து, குரலைத் தொண்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டு "பாடி... வேணும்" என்று முடிப்பதற்குள் டப்பா திறந்திருக்கும். "முப்பத்தாறு. கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க." டேப்பை எடுத்து ஒருத்தியின் மார்பைச் சுற்றி அளக்கிற பழக்கம் அந்த மாடியில் கிடையாது. அளந்துகொள்கிறவளுக்கும் கூச்சம், அளக்கிறவளுக்கும் கூச்சம். போட்டுப் பார்க்கவும் விடமாட்டார்கள். ஆக, அவள் கண்தான் எல்லாருக்கும் வசதி. அவளுக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. இல்லாமல் என்ன? கால் கடுக்க நிற்கிற வேலையில் பெருமைப்பட வேறு என்ன இருக்கிறது?

கர்ப்பிணிகள் வந்தால் அவளிடம் ஒரே மருந்துதான். "ரெண்டு நம்பர் ஏத்திக்கங்க. குழந்தை பொறந்ததும் இன்னும் ஒண்ணு." இறுக்குகிறது, வலிக்கிறது என்று திரும்பி வருகிறவர்களும் உண்டு. ஒரு பள்ளிக்கூட டீச்சர் அப்படி இரண்டு முறை வந்து நின்றாள். "போடப் போடப் பழகிடும் டீச்சர்" என்று இரண்டு முறையும் சொல்லி அனுப்பினாள். அந்தப் பெண்ணும் தலையை ஆட்டிக்கொண்டு போனாள், பாவம்.

அப்புறம் கண்ணளவு அக்காவே இரண்டாவது முறை உண்டானாள்.

முப்பத்திநாலு இறுக்க ஆரம்பித்தபோது முப்பத்தாறு எடுத்தாள். ஏழாம் மாதம் முப்பத்தெட்டு. பட்டை முதுகில் மேலே மேலே ஏறியது. தோள்பட்டியைச் சுருக்கினால் சதையில் வெட்டியது, தளர்த்தினால் நழுவியது. அடி விளிம்போ இருக்கவேண்டிய இடத்தில் இல்லாமல் மார்பின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. வாடிக்கையாளர் ஓய்ந்த நேரம் பார்த்து டப்பா அறைக்குள் போய், கையைப் பின்னால் விட்டு ஹூக்கைக் கழற்றி, அடுக்கில் நெற்றியைச் சாய்த்து மூச்சு விடுவாள். சுற்றிலும் கூரை வரை உள்ளாடை. நடுவில் இவள் மட்டும் ஒன்றும் போடாமல்! நினைத்தால் சிரிப்புதான் வரும். சிரிக்கவும் தெம்பு இல்லை.

தெம்பைவிடப் பயம் பெரிதாக இருந்தது. ஏழு வருஷம் முன்னால் பெரியவள் பிறந்தபோது இரண்டாம் மாதமே பால் கட்டி, காய்ச்சல் கண்டு, கொஞ்சம் கொஞ்சமாக வற்றிப் போனது. "உனக்குப் பால் ராசி இல்லடி" என்றார்கள் உறவுக்காரர்கள். ஒருத்தி சொன்னால் தள்ளிவிடலாம், ஊரே சொன்னால்? நம்பிவிட்டாள். அந்தப் பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டே மார்பை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட நாள் மட்டும் மறக்கவே இல்லை. இந்தத் தடவை தலைகீழாக நின்றாவது ஆறு மாதம் கொடுத்துவிடுவது என்று வைராக்கியமாக இருந்தாள். வேறு ஆசை எதுவும் அவளுக்கு இல்லை.

சின்னவள் பிறந்தாள். முதல் இருபது நாள் ஏதோ ஓடியது. பிறகு இருந்த முப்பத்தெட்டும் போதாமல் போக, கணவரைக் கூப்பிட்டாள். அவர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். பத்து மாடிக் கட்டடத்தில் கயிற்றில் தொங்குவார், அசர மாட்டார்.

"ஏங்க, நம்ம கடை ரொம்ப தூரம். பக்கத்துக் கடையிலயே ஒரு ஃபீடிங் பிரா வாங்கிட்டு வாங்க. நாப்பது."

"நானா?"

"பின்ன, லிஃப்டா போய் வாங்கும்?"

போனார். ஒரு மணி நேரம் கழித்து வேர்த்து விறுவிறுத்து வந்தார். பையைத் திறந்தால் உள்ளே பால் புட்டி.

"என்னங்க இது?"

"'ஃபீடிங்'னு சொன்னேன். அடுத்த வார்த்தை வாயில வரல. கடைக்காரர் இதை எடுத்துக் குடுத்துட்டாரு. சுத்தி நாலு பேரு நிக்கிறாங்க, நான் என்ன செய்ய?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் மார்பு வலித்தது. வலித்ததும் அழுகை வந்தது. அந்த மனுஷன் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பேய் முழி முழித்தார். பிறகு அதை அடுக்களை அலமாரியில் வைத்தார். நாலு நாள் கழித்து, கீழ் வீட்டிலிருந்து ஏறி வந்த நாத்தனார் அதன் பக்கத்தில் ஒரு பால்மாவு டப்பாவையும் வைத்துவிட்டுப் போனாள்.

"கோச்சுக்காத அண்ணி. ஒரு பாதுகாப்புக்குத்தான். உனக்குத்தான் பால் ராசி இல்லைன்னு தெரியுமே, எதுக்கு உடம்பைப் போட்டு வருத்திக்கிற?"

நாத்தனார் நல்லவள்தான். துணி துவைத்துக் கொடுக்கிறாள், பெரியவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருகிறாள். அவளிடம் எதை வைத்துச் சண்டை போடுவது? அடுக்களைக்குள் போகும்போதெல்லாம் அந்த டப்பா மட்டும் இவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் மாதம் வேலைக்குத் திரும்பினாள். கடையிலிருந்தே நாற்பதில் இரண்டு எடுத்துக்கொண்டாள், வழக்கம்போல் கண்ணளவில். காலையில் பால் கொடுத்துவிட்டு ஓடி, மத்தியானம் டப்பா அறையில் கையால் பீய்ச்சிக் குப்பியில் பிடித்து, சாயங்காலம் நனைந்த கைக்குட்டைகளோடு வீடு திரும்பி, வாசலிலேயே சின்னவளை வாங்கிக்கொள்வாள். அக்கடா என்று உட்கார ஒரு நிமிஷம் கிடையாது. கடையில் பேசுகிறவர்கள் பேசத்தான் செய்தார்கள். மாடி சார், அதாவது அந்த மாடிக்கு மேற்பார்வை பார்க்கிறவர், ஒரு நாள் கடிகாரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஸ்டாக் எடுக்கப் போனா இவ்ளோ நேரமாம்மா?" என்றார்.

இரண்டு வாரம் தாக்குப்பிடித்தாள். மூன்றாவது வாரம் இடது பக்கம் கல்லாகக் கட்டியது. தொட்டால் உயிர் போனது. காய்ச்சல் வந்தது. சின்னவள் நாலு வாய் இழுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டாள். அதே முகம், அதே அழுகை. ஏழு வருஷம் பின்னால் போய் நின்றமாதிரி இருந்தது அவளுக்கு.

"போதும்ங்க. என்னால முடியல. அந்த டப்பாவை எடுங்க" என்றாள்.

கணவர் அலமாரி வரை போனார். டப்பாவைத் தொடவில்லை. "குடுக்கணும்னா குடுத்துக்கலாம், அது ஒண்ணும் விஷமில்ல. ஆனா மொதல்ல உனக்குக் காய்ச்சல். வா, நர்ஸம்மாகிட்ட காட்டிட்டு வந்துருவோம்" என்றார்.

சுகாதார நிலையத்து நர்ஸம்மா அதிகம் பேசாதவள். சட்டையைத் தளர்த்தச் சொன்னாள். இடது மார்பின் அடியில் செக்கச்செவேலென்று ஒரு கோடு பள்ளமாகப் பதிந்திருந்தது. அதன்மேல் விரலை வைத்தாள்.

"கட்டி சரியா இந்தக் கோட்டுக்கு மேலதான் இருக்கு. என்ன போடுறீங்க?"

"நாப்பது."

"யார் அளந்தா?"

"அளக்கல. நானே... கண்ணளவுதான்."

"எங்க வேலை பாக்கறீங்க?"

அவள் சொன்னாள். நர்ஸம்மா ஒரு நொடி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு இழுப்பறையிலிருந்து டேப்பை எடுத்து, மார்புக்குக் கீழே ஒரு சுற்று, மார்பின்மேல் ஒரு சுற்று. டேப் சில்லென்று இருந்தது. முப்பத்திரண்டு வயதில், பதினோரு வருஷம் உள்ளாடை விற்ற பிறகு, அவளை ஒருத்தர் அளப்பது அதுதான் முதல் தடவை.

"கீழ முப்பத்தாறு. மேல நாப்பத்திரெண்டு. உங்களுக்கு வேண்டியது முப்பத்தாறு, எஃப்."

"எஃப்னா?"

நர்ஸம்மா அவள் கழற்றி வைத்திருந்ததை எடுத்து, உள்ளே தைத்திருந்த சீட்டைக் காட்டினாள். நாற்பது, பக்கத்தில் சின்னதாக ஒரு பி.

"அது கம்பெனி முத்திரைதானே?" என்றாள் அவள்.

அப்படித்தான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷத்தில் அந்த மாடிக்கு வந்த டப்பா எல்லாவற்றிலும் பி மட்டும்தான். எல்லாவற்றிலும் ஒரே எழுத்து இருந்தால் அதை யார் எழுத்தென்று பார்க்கிறார்கள்?

"முத்திரையா? நம்பர் முதுகைச் சுத்தி அளக்கிறதுக்கு. எழுத்து மார்புக்கு. நீங்க முதுகைத்தான் பெரிசாக்கிட்டே போயிருக்கீங்க. குழந்தைக்குப் பால் இருக்கிற இடத்தை அப்படியே விட்டுட்டீங்க. அது அமுக்குது, பால் எப்படி வரும்?" காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்க்கச் சீட்டு எழுதினாள். "இந்தப் பக்கமும் குடுங்க, நிறுத்தாதீங்க. இந்தச் சனியனைத் தூக்கிப் போடுங்க."

அவள் எழுந்திருக்கவில்லை.

"நர்ஸம்மா, மூத்தவளுக்கும் இதே பக்கம்தான் கட்டிச்சு. இதே கோடுதான் இருந்துது. அப்ப முப்பத்தாறு போட்டிருந்தேன். அதுலயும் பி."

நர்ஸம்மா டேப்பைச் சுருட்டினாள். "இருக்கலாம்மா" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவள் அழுதாள். ராசியாம் ராசி! ஒரு முழத் துணியில் இருந்த கோளாறை ஏழு வருஷம் தன் தலையெழுத்து என்று சுமந்திருக்கிறாள். கேட்டவர்களுக்கெல்லாம் தன் வாயாலேயே, எனக்குப் பால் ராசி இல்லைங்க என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறாள். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எல்லார்மேலும் கோபம் வந்தது.

எஃப்-க்கு எங்கே போவது? தெரிந்த கடைகளில் எல்லாம் கேட்டாயிற்று. "அப்படி ஒரு எழுத்தே இல்லையே" என்றாள் ஒருத்தி, இவள் பேசுகிற அதே தோரணையில். கடைசியில் தங்கள் கடையிலேயே, கீழ்த்தளத்தில் மாடிப்படிக்கு அடியில் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கும் ஆல்டரேஷன் அக்காவிடம் போய் நின்றாள். அவள் பேன்ட் நீளம் குறைக்கிறவள். விஷயத்தைக் கேட்டதும் கடகடவென்று சிரித்தாள்.

"கண்ணளவுக்கே அளவு கிடைக்கலையா? நல்லா இருக்குடி கதை. கையைத் தூக்கு, அளக்கறேன்."

பனியன் துணியில் தைத்தாள். அடியில் அகலப் பட்டை, கம்பி கிடையாது, முன்பக்கம் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இரண்டு மடிப்பு, மேலே அமுக்குப் பொத்தான். முதல் தடவை தோள் சரியாக வரவில்லை, பிரித்தாள். இரண்டாவதில் அக்குள் இடித்தது. மூன்றாவது முறை போட்டுக்கொண்டு மாடிக்கு ஏறியவள், மத்தியானம் வரைக்கும் உள்ளே ஒன்று போட்டிருக்கிற நினைப்பே இல்லாமல் வேலை செய்தாள். மருந்தும் வேலை செய்தது. கட்டி ஒரு வாரத்தில் கரைந்தது. சின்னவள் இடது பக்கம் குடிக்கத் தொடங்கினாள். களைப்பு மட்டும் போகவில்லை. அதை யார் தைத்துக் கொடுப்பது?

அடுத்த மாதம் ஒரு மத்தியானம் மேஜைக்கு எதிரில் வந்து நின்றது அந்த டீச்சர். மறுபடி ஏழாம் மாதம். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வெட்கத்தோடு சிரித்தாள்.

"ஞாபகம் இருக்கா அக்கா? வேற எங்கயும் போகல, நேரா உங்ககிட்டதான் வந்தேன். உங்க கண்ணு பார்த்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

கண்ணளவு அக்கா டப்பாவைத் திறக்கவில்லை. மேஜைக்கு அடியிலிருந்து டேப்பை எடுத்தாள். "டப்பா அறைக்கு வாங்க டீச்சர். ரெண்டு நிமிஷம்."

பக்கத்தில் நின்ற மாடி சாரின் புருவம் ஏறியது. "என்னம்மா இது புதுசா?" என்றார். அவள் காதில் வாங்காமல் நடந்தாள்.

உள்ளே அளந்தாள். கீழே ஒரு சுற்று, மேலே ஒரு சுற்று. டீச்சர் கூச்சத்தை மறைக்கப் பேசிக்கொண்டே இருந்தாள். மூத்தவன் நடக்கிறானாம், ஓடுகிறானாம், எதற்கெடுத்தாலும் சளி பிடிக்கிறதாம். "அவனுக்கு ரெண்டு மாசம்தான் அக்கா குடுக்க முடிஞ்சுது. கட்டிக்கிட்டு, காய்ச்சல் வந்து, வத்திப்போச்சு. எனக்குப் பால் ராசி அவ்வளவுதான்னு மாமியார் சொல்லிட்டாங்க. இந்தக் குழந்தைக்கும் என்ன எழுதியிருக்கோ."

டேப் அவள் கையில் அப்படியே நின்றது. அறைக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. வெளியே மாடி சார் நிற்பது தெரிந்தது. கண்ணளவு என்கிற பேர் இன்றோடு போகும் என்பதும் தெரிந்தது.

"உங்க அளவு எங்ககிட்ட இல்ல டீச்சர். கீழ மாடிப்படிக்கு அடியில ஒரு அக்கா இருக்காங்க, தைச்சுத் தருவாங்க. நானே கூட்டிட்டுப் போறேன்."

"இல்லையா? போன தடவை நீங்கதானே எடுத்துக் குடுத்தீங்க?"

"அப்பவும் இல்ல டீச்சர். இல்லாததைத்தான் இருக்குன்னு குடுத்தேன்" என்றாள். "அது உங்க ராசி இல்ல. என் கண்ணளவு."