தொண்டை கட்டிய நாளில் ஒரு பேட்டி

வானொலிக்காக என்னிடம் எடுக்கப்பட்ட முதல் பேட்டியில் கேள்விகளைக் கேட்டவர் என் கணவர்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் எங்கள் சைக்கிள் கடை இருந்தது. கடைக்குப் பின்னாலேயே வீடு. அதற்குள் என் கதைகள் சில பத்திரிகைகளில் வந்திருந்தன. வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. நான் எழுதுவதை அவர் ஒருநாளும் தடுத்ததில்லை. என்ன எழுதுகிறாய் என்று கேட்டதும் இல்லை. தபால்காரர் பத்திரிகையைக் கொடுத்தால், "உனுக்குத்தான் வந்துருக்குது" என்று அடுப்படி வாசலில் வைத்துவிட்டு பஞ்சர் ஒட்டப் போய்விடுவார். படிக்கிறவர் இல்லை, அவ்வளவுதான் என்று நானும் விட்டுவிட்டேன்.

அப்போது வானொலியில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு நிகழ்ச்சி வரும். எங்கள் பக்கத்து ஊர்களில் இருக்கும் எழுத்தாளர்களைத் தேடிப்போய் ஒரு அம்மா பேசுவார். காய் நறுக்கிக்கொண்டே கேட்பேன். கேள்வி கேட்டதும் அவர் குறுக்கே பேச மாட்டார். எதிரில் இருப்பவர் தடுமாறினால் தடுமாறட்டும் என்று காத்திருப்பார். அந்த அமைதியும் சேர்ந்துதான் ஒலிபரப்பாகும். அந்தக் காத்திருப்புக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். அவர் என்னைத் தேடி வரப்போகிறார் என்று தகவல் வந்த நாளிலிருந்து, தண்ணீர் பிடிக்கும்போதும் துணி துவைக்கும்போதும் பதில்களாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார்த்திகை மாத அடைமழையில் பாண்டியிலிருந்து பஸ் ஏறி வந்தார். பஸ்ஸில் ஜன்னல் ஷட்டர் இறங்கவில்லையாம். டேப்ரிக்கார்டரை பிளாஸ்டிக் தாளில் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்தவர், தான் தொப்பலாக நனைந்திருந்தார். வாயைத் திறந்தார். வாராவாரம் கேட்ட அந்தக் குரலைக் காணோம். கரகரவென்று காற்றுதான் வந்தது.

என் புடவை ஒன்றைக் கட்டிக்கொள்ளக் கொடுத்து, மிளகுப் பால் காய்ச்சிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "இன்னைக்கே முடிச்சாகணும்மா. நாளைக்கு இந்த மெஷினை வேற ஒருத்தர் எடுத்துட்டுப் போறார். விட்டா எப்ப கிடைக்கும்னு தெரியாது" என்றார்.

வீட்டில் பதிவு செய்யவும் வழியில்லை. பக்கத்திலேயே மாவு மில். "கோட்டைக்குப் போய்டலாம், அங்க சத்தம் இருக்காது" என்று சொன்னது என் கணவர். மழையும் விட்டிருந்தது. "மெஷினு வெயிட்டா இருக்குது, நான் எடுத்தாறேன்" என்று கடையைச் சாத்திவிட்டு, டேப்ரிக்கார்டரை சைக்கிள் கேரியரில் கட்டித் தள்ளிக்கொண்டு நடந்தார். நாங்கள் இருவரும் பின்னால் போனோம்.

கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகாலின் தாழ்வாரத்தில் ஈரமில்லாத ஓரிடம் பார்த்து உட்கார்ந்தோம். சில ஆடுகள் தவிர வேறு யாரும் இல்லை. அந்த அம்மா மைக்கை எடுத்தார். பட்டனை அழுத்தி, "வணக்கம்" என்று ஆரம்பித்தார். இருமல் வந்தது. மறுபடியும் முயன்றார். மூன்றாவது முறை உதடு மட்டும்தான் அசைந்தது. கண்ணில் நீர் தளும்ப, தொண்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு தூரம் நனைந்து வந்து இப்படி ஆகிவிட்டதே என்று எனக்கும் அழுகை வரும்போல இருந்தது.

பிறகு அவர் என் கணவரைக் கைகாட்டி அழைத்தார். காதருகில் குனிந்து ஏதோ சொன்னார்.

"நானா? ஐயோ, எனுக்கு இன்னாம்மா தெரியும்?" என்று இவர் பதறினார். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். வேறு வழியில்லாமல் என் எதிரில் வந்து உட்கார்ந்தார் இவர். அந்த அம்மா கேள்வியைக் காதில் சொல்வார், இவர் அதை உரக்கச் சொல்வார் என்று ஏற்பாடு.

"நீங்க... எப்ப எழுத ஆரம்பிச்சீங்க?"

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் என்னை அவர் 'நீங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சிரிப்பை அடக்கிக்கொண்டு, வீட்டில் ஒத்திகை பார்த்த பதிலை மேடைத் தமிழில் ஒப்பித்தேன். அடுத்த கேள்விக்கும் அப்படியே. அந்த அம்மாவின் முகம் வாடிக்கொண்டே போனது. கொஞ்ச நேரத்தில் அவர் காதில் சொல்வதை நிறுத்திக்கொண்டார். நீங்களே கேளுங்கள் என்று இவருக்குச் சைகை காட்டிவிட்டு, மைக்கை மட்டும் எங்கள் நடுவில் நீட்டிப் பிடித்தார்.

இவர் தூரத்தில் நின்ற ஆடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். டேப் ஓடிக்கொண்டே இருந்தது.

"அந்தக் கதைல ஒருத்தி அமாவாசைக்கு மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ல போறாளே," என்றார் கடைசியில். "கோயிலுக்குள்ளயே போவாம திரும்பி வந்துடுறா. அது நீயா?"

நான் மைக்கை மறந்தே போனேன். "நீங்க அதப் படிச்சீங்களா?"

"சலூன்ல கெடந்துச்சி. படிச்சேன். மத்ததும் படிச்சிருக்கேன்."

"ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லலியே?"

"அதுல வர்ற புருசங்காரன் பேசவே மாட்டான். என்னத்தான் நீ எழுதிட்டேன்னு நெனச்சேன். அதான் பேசல."

"பேசாதது எங்க நைனா. அது எங்கம்மா கத. நீங்க இல்ல."

இவர் மூச்சை இழுத்து விட்டார். அது டேப்பில் நன்றாகவே பதிவாகியிருந்தது. "சரி, அவ ஏன் உள்ள போவல?"

"வேண்டிக்க ஒண்ணுமில்ல. ஜன்னலோரம் ஒக்காந்து ஒரு நாள் எங்கனா போய்ட்டு வரணும். அவ்ளோதான் அவளுக்கு."

"உனுக்கும் அப்பிடி இருக்குதா?"

"இருக்குது."

"சொல்லியிருந்தா நான் இட்டுனு போயிருப்பேன் இல்ல?"

"நீங்க வந்தா ஜன்னலோரம் நீங்க ஒக்காந்துக்குவீங்க."

அந்த அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சத்தம் வராமல் உடம்பு குலுங்கியதில் மைக்கும் குலுங்கியது. அதன்பிறகு டேப் தீரும்வரை பேசினோம். எழுதும்போது அடுப்பில் சோறு தீய்ந்ததையும், வாக்கியம் வராத நாட்களில் எனக்கு வரும் கோபத்தையும் இவர் கேட்டார், நான் சொன்னேன். அந்தக் கோபம் தன்மேல் என்றே இவர் நினைத்திருக்கிறார்.

"இதை ஒத்துக்குவாங்களான்னு தெரியல. சண்டை போட்டுப் பாக்குறேன்" என்று பஸ் ஏறும்போது அந்த அம்மா கிசுகிசுத்தார்.

ஒத்துக்கொண்டார்கள். சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை ரேடியோவில் அந்த அம்மாவின் குரல் பழையபடி கணீரென்று வந்தது. "அன்றைக்கு என் தொண்டை கட்டிக்கொண்டது. அதனால் எழுத்தாளரின் கணவரே கேள்விகளைக் கேட்டார். எனக்கு அதில் வருத்தமில்லை" என்றார். காற்றடிக்க வந்தவர்கள் பம்பைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டார்கள். ஜன்னலோரப் பேச்சு வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். இவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு ஏற்கெனவே இறுக்கிய நட்டையே திரும்பவும் இறுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா அண்ணே, அண்ணிய பஸ்ல இட்டுனு போனியா இல்லியா?" என்று ஒருவர் கேட்டார்.

"அது தனியாத்தான் போவும். கத எழுதுறவங்க அப்பிடித்தான்" என்றார் இவர். ஏதோ பலகாலமாகத் தெரிந்த விஷயம்போல.

பொங்கலுக்கு முன் கடையின் பின்னறையில் கிடந்த பழைய டயர்களையெல்லாம் விற்றார். சுவருக்கு வெள்ளையடித்து, சந்தையில் வாங்கிய ஒரு மேசையை ஜன்னல் பக்கமாகப் போட்டார். "மாவு மில்லு சத்தம் கேக்கும். பரவாலயா?" என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். என் முதல் நாவலின் முதல் பக்கத்தை அன்று மத்தியானமே அந்த அறையில் எழுதினேன். சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வந்தவர், கையில் ஒட்டியிருந்த கிரீஸை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தபடி எதிரில் உட்கார்ந்து, "படி, கேப்போம்" என்றார்.