வலியில் கூப்பிட்ட பெயர்

என் அக்காவின் கணவருக்கு இயேசு கடவுள் இல்லை. கடவுளின் மகன், அவ்வளவுதான். முதன்முதலில் படைக்கப்பட்டவர், நம் எல்லாரையும்விடப் பெரியவர், ஆனாலும் படைக்கப்பட்டவர். பாறசாலையில் ஒரு கடை மாடியில் நடக்கும் சிறிய கூட்டத்தில் அத்தான் இதைக் கற்றுக்கொண்டார். நடுத்தர வயதில் அங்கே போனவர் அங்கேயே தங்கிவிட்டார். தொட்டியில் முங்கி இரண்டாம் தரம் ஞானஸ்நானமும் எடுத்தார். எங்கள் சபை அவர் பெயரை நீக்கியது. நீக்குவதற்கும் ஒரு முறை உண்டு, அதை யாரும் பின்பற்றவில்லை என்று நான் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். அடுத்த தேர்தலில் என்னையே செயலாளர் ஆக்கிவிட்டார்கள். வருவாய்த் துறையில் ஓய்வு பெற்று வந்தவனுக்கு ஊர் கொடுக்கிற தண்டனை இப்படித்தான் இருக்கும்.

அக்கா மிஷன் காலத்துச் சபையை விட்டு நகரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அத்தான் அவளை ஸ்கூட்டரில் கொண்டுவந்து கோயில் வாசலில் இறக்கிவிட்டுத் தன் கூட்டத்துக்குப் போவார். கூட்டம் முடிந்து வந்தாலும் எங்கள் ஆராதனை முடிந்திருக்காது. எதிரே சாயாக்கடையில் உட்கார்ந்து அவள் வரும்வரை செய்தித்தாள் படிப்பார். வீட்டில் சாப்பாட்டுக்கு முன் அவள் இயேசுவிடம் ஜெபிப்பாள். அவள் ஆமென் சொன்ன பிறகு அவர் பிதாவிடம் தனியாக ஜெபிப்பார். இரண்டு ஜெபத்துக்கும் நடுவே மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் ஆறிக்கொண்டிருக்கும். விருந்துக்குப் போன நான் எந்த ஜெபத்துக்குக் கண்ணை மூடுவது என்று தெரியாமல் இரண்டுக்கும் மூடியிருக்கிறேன்.

அக்கா செத்தபோது எங்கள் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். அவள் பக்கத்தில் ஒரு ஆள் இடம் காலியாகக் கிடந்தது. இரண்டு வருடம் கழித்து அத்தானுக்கு முதுகெலும்பில் புற்றுநோய் வந்தது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"எலே, எனக்கு அந்த எடம் வேணும்."

எந்த இடம் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"அத்தான், அதுக்கு சபையில திரும்பச் சேரணும்."

"சேர மாட்டேன்."

"பின்னே எப்பிடி?"

"அது நீ பாரு. ஒனக்குத் தெரியாத சட்டமா?"

தெரிந்திருந்ததுதான் கஷ்டம். அவருடைய கூட்டத்துக்குக் கல்லறை கிடையாது. வீட்டைச் சுற்றியுள்ள வளைவில் புதைக்கலாம் என்றால் இடம் கைக்குட்டை அளவு, ஒரு பக்கம் தன் கிணறு, மறு பக்கம் அயல்வீட்டுக்காரர் கிணறு. பஞ்சாயத்து அனுமதி தராது. தந்தாலும் அவர் சம்மதித்திருக்க மாட்டார். "அவ அங்க கெடக்கா, நான் இங்க கிணத்துக்குக் காவல் கெடக்கவா?" என்று கேட்டார். எங்கள் சபை விதியோ தெளிவானது. வேறு கூட்டத்துக்குப் போய்த் திரும்புகிறவர் சபை முன் நின்று விசுவாசப் பிரமாணத்தைச் சொல்ல வேண்டும். எழுந்து வர முடியாத நோயாளியாக இருந்தால் போதகரும் கமிட்டிக்காரர் இருவரும் வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும். கேட்டுத் திருப்தியாகி, போதகர் பொறுப்பேற்க வேண்டும்.

அந்தப் பிரமாணத்தில் இயேசு பிதாவுக்குச் சமமான கடவுள் என்று சொல்லும் வரி வருகிறது. அத்தானின் தொண்டை அந்த வரிக்குத் திறக்காது.

எனக்கு இதிலெல்லாம் ஆர்வம் தீர்ந்து வெகுகாலம் ஆகிறது. மிஷன் பள்ளியில் படித்தவன், பாடம் நினைவிருக்கிறது. இயேசு ஒரே ஆள், இரண்டு தன்மை. முழுக்கக் கடவுள், முழுக்க மனிதன். இரண்டும் கலக்கவில்லை, மாறவில்லை, பிரியவில்லை, விலகவில்லை. ஆயுள் முழுக்கத் தீர்மானங்கள் எழுதியவனுக்கு இந்த வாசகத்தின் மணம் நன்றாகத் தெரியும். எப்படி இருக்கிறது என்று சொல்ல முடியாதபோது எப்படி இல்லை என்று சொல்லி அந்தக் காலத்து ஆயர்கள் கூட்டத்தை முடித்திருக்கிறார்கள். அதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. நல்ல தீர்மானங்கள் பலதும் அப்படித்தான் எழுதப்படுகின்றன. ஆனால் ஒரு மனிதன் தன் மனைவியின் பக்கத்தில் படுப்பதற்கும் அதற்கும் நடுவே நான் நிற்க வேண்டியிருந்தது. அதுதான் அலுப்பு.

ஒரு மத்தியானம் மூன்று பேர் போனோம். போதகர், நான், கமிட்டியில் இருக்கிற ரப்பர் ஷீட் வியாபாரி. போதகரை இங்கே அச்சன் என்று கூப்பிடுவோம். அப்போதிருந்தவர் இளையவர், நெய்யாற்றின்கரை பக்கத்துக்காரர், பிரசங்கத்தைச் சுருக்கமாக முடிப்பதால் எனக்குப் பிடித்தவர். அக்காவின் மகள் வேலைக்கு விடுப்பு போட்டு வந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகுக்குத் தலையணை வைத்து அவரைச் சாய்த்து உட்கார வைத்தாள்.

"வாங்கோ அச்சோ, பரீட்சைக்கு வந்தாச்சா?" என்றார் அத்தான்.

"பரீட்சை ஒண்ணும் இல்ல. காண வந்தேன்" என்றார் அச்சன்.

"அப்போ இந்தச் செக்ரட்டறி எதுக்கு? இவன் சும்மா ஒரு வீட்டுக்குப் போவானா?"

ரப்பர் வியாபாரி சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

அச்சன் மெதுவாக விஷயத்துக்கு வந்தார். அந்த ஒரு வரியை மட்டும் ஏற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டார்.

"அச்சோ, நான் ஒண்ணு கேக்கேன், நீங்க சொல்லுங்கோ. அவரு தேவன்னா, சாகதுக்கு முந்தின ராத்திரி தோட்டத்துல முழங்கால் போட்டு யாருட்ட ஜெபிச்சாரு? தன்கிட்டயே தானா? சிலுவையில தொங்கும்போ தேவனே தேவனேன்னு விளிச்சாரே, யார விளிச்சாரு? தேவனுக்கு ஒரு தேவன் உண்டா? தேவனுக்கு வலிக்குமா?"

"மனுஷனுக்கு வலிக்கும். அவரு மனுஷனும் ஆக்கும்" என்றார் அச்சன்.

"வலிக்கும்போ மனுஷன், கடல்மேல நடக்கும்போ தேவன். சௌகரியம் போல! இவன் ஆபீசுல லீவு எடுக்குத மாதிரி."

என்னைத்தான் சொன்னார். நான் எடுத்த விடுப்பெல்லாம் முறைப்படி எடுத்தவை என்று சொல்ல வாய் திறந்தேன். அந்த நேரம் தலையணை சரிந்தது. அவர் ஒரு பக்கம் சாய்ந்தார். முகம் கோணி, கை கட்டில் விளிம்பைப் பிடித்து, "எனக்க யேசுவே!" என்று கத்தினார். தெருவுக்குக் கேட்டிருக்கும். மகள் ஓடிவந்து தாங்கினாள். மறுபடியும், இந்தத் தடவை சத்தம் குறைந்து, "யேசுவே, எனக்க அப்பா" என்றார்.

வலி தணிக்க வீட்டுக்கு வரும் பாலியேட்டிவ் நர்ஸ் கொடுத்துவிட்டுப் போயிருந்த மருந்தை மகள் அவர் வாயில் ஊற்றினாள். பிறகு ரப்பர் வியாபாரி எழுந்து நின்றார்.

"போதும் அச்சோ. காரியம் முடிஞ்சுது."

"என்ன முடிஞ்சுது?" என்றேன்.

"சாரே, இவங்க கூட்டத்துல யேசுவ விளிச்சு ஜெபிக்கப்பிடாது. பிதாவ மட்டும் தான் விளிக்கணும். நானும் ஒருக்கா போய்க் கேட்டேனே. இப்போ இவரு யார விளிச்சாரு? நம்ம மூணு பேரும் சாட்சி. தேவன்னு மனசுல இல்லாமலா விளிச்சாரு?"

அத்தான் கண்ணைத் திறந்தார். "எலே, அது நான் விளிச்சது இல்ல. வலி விளிச்சது."

"வலிக்கு நாக்கு உண்டா?" என்றார் வியாபாரி.

"இந்த ஊருல பஸ்ஸு சடன் பிரேக் போட்டா வண்டி முழுக்க யேசுவேன்னு விளிக்கும். எல்லாருக்கும் ஞானஸ்நானம் குடுத்து சேத்துக்கிடுவீங்களா? சின்னதுல அம்மை சொல்லித் தந்த சத்தம் அது. இத வச்சு எனக்க பேரு எழுதாண்டாம். எடம் தரலைன்னா தரண்டாம். கள்ளத்தரம் காட்டி அவ பக்கத்துல போய்க் கெடந்தா, அவளே எழும்பிச் சண்டை பிடிப்பா."

அது உண்மை. அக்கா பிடித்திருப்பாள்.

மகள் அழ ஆரம்பித்தாள். "ஆமான்னு ஒரு வாக்கு சொன்னா என்ன அப்பா? அம்மைக்காக சொல்லப்பிடாதா?"

"நீ சும்மா இரி மக்கா."

நான் அச்சனைப் பார்த்தேன். கோப்பில் எழுத ஒன்றுமில்லை, எழுந்து போகலாம் என்ற அர்த்தத்தில் பார்த்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. கைகளைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலியில விளிச்சத கணக்குல எடுக்கப்பிடாது, அப்பிடித்தானே?" என்று கேட்டார்.

"பிடாது."

"அப்போ சிலுவையில அவரு விளிச்சதையும் எடுக்கப்பிடாதே. அதுவும் வலியில விளிச்சது தானே? அத வச்சுத் தான நீங்க இப்போ எங்கிட்ட நியாயம் பேசுனது?"

அத்தானின் உதடு அசைந்தது. தேடினார். அவர் பதிலுக்குத் தேடி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

அச்சன் ஜெயித்தவர் போலப் பேசவில்லை. அவருக்கும் களைப்பாகத்தான் இருந்தது. "எனக்கும் எல்லாம் தெரியாது. தேவனுக்கு எப்பிடி வலிச்சதுன்னு எனக்கு விளங்கல்ல. ஆனா அவருக்க கடைசி சத்தத்த நாம விடல்லல்லா. மத்த பேச்செல்லாம் போல அதையும் சத்தியம்னு தானே வாசிக்கோம். உங்க சத்தத்த மட்டும் எப்பிடி விடுகது?"

வெளியே பலாவில் காக்கை கரைந்தது. அத்தான் கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"எலே, நீ எழுதுவல்லா. நம்புனேன்னு எழுதப்பிடாது."

"பின்னே?"

"விளிச்சேன்னு எழுதிக்கோ. விளிச்சது விளிச்சது தான். அது பொய் இல்ல." மூச்சு வாங்கினார். "பின்னே, எனக்க மேல சிலுவை வைக்கப்பிடாது. எங்க கூட்டத்துல சிலுவை கெடையாது. அதையும் எழுது." அதை எழுத வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

கமிட்டி கூடியது. இப்படி விட்டால் நாளைக்கு யார்யாரோ வருவார்கள் என்று ஒருவர் சொன்னார். எந்தக் கமிட்டியிலும் இதைச் சொல்ல ஒருவர் இருப்பார், அவர் இல்லாவிட்டால் கூட்டம் செல்லாது போலிருக்கிறது. விதிப்படி அத்தான் அந்த வரியைச் சொல்லவில்லையே என்று அந்த ஆள் என்னையே கேட்டார். சொல்லவில்லை என்றேன். திருப்தி அடைய வேண்டியவர் போதகர், அதுவும் விதிதான் என்றும் சொன்னேன். எல்லாரும் அச்சனைப் பார்த்தார்கள். "எனக்குத் திருப்தி உண்டு. நான் பொறுப்பு" என்றார் அவர். ரப்பர் வியாபாரி முன்மொழிந்தார். நான் எழுதியது ஒரே வாக்கியம்: அன்னார் எங்கள் மூவர் காதும் கேட்க இயேசுவைக் கூப்பிட்டார். சர்வீசில் இருந்த காலத்தில் இதைவிட நேர்மையாக நான் எதையும் எழுதியதில்லை. அன்னார் என்ற சொல்லுக்கு மட்டும் அத்தான் சிரித்திருப்பார்.

அச்சன் அடுத்த நாள் போய் அவருக்குத் திருவிருந்தின் அப்பமும் ரசமும் கொடுத்தார். வாங்கிக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். நான் போகவில்லை. அதற்குச் செயலாளர் தேவையில்லை.

மழைக்காலத்தில் அத்தான் போய்விட்டார். அடக்கத்தன்று பாறசாலைக் கூட்டத்துக்காரர்கள் வந்தார்கள். மற்றவர் ஆராதனையில் கலந்துகொள்வது அவர்களுக்கு முறையல்ல. குடை பிடித்தபடி கல்லறைத் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே கடைசிவரை நின்றார்கள். எனக்கு அவர்கள்மேல் மரியாதை வந்தது. குழி மூடிய பிறகு கொத்தனார் வழக்கம்போலச் சிலுவை அச்சைக் கொண்டுவந்தார். வேண்டாம், மேலே மொட்டையாகப் பூசினால் போதும் என்றேன். இப்படி ஒரு கல்லறையா என்று முணுமுணுத்தபடி பூசினார். அக்காவின் கல்லறைக்குச் சிலுவை உண்டு. பக்கத்தில் அவருடையது மேசைபோலக் கிடந்தது.

உயிர்ப்பு ஞாயிறு விடியற்காலையில் எல்லாரும் மெழுகுவத்தியும் பூவுமாகக் கல்லறைக்குப் போவது எங்கள் பக்கத்துப் பழக்கம். நான் போகும்போது பெண்கள் வந்து போயிருந்தார்கள். எல்லாக் கல்லறையிலும் மஞ்சள் கேந்திப் பூவைச் சிலுவையாக அடுக்கியிருந்தார்கள். அத்தானுடையதிலும்தான். மொட்டையாகக் கிடந்ததைப் பார்த்து யாரோ பரிதாபப்பட்டு மற்றவற்றைவிடப் பெரிதாகவே அடுக்கிவிட்டார்கள்.

வாக்குக் கொடுத்திருந்தேன். பூவுக்கு அது பொருந்துமா என்பதற்கு விதி எதுவும் இல்லை. ஆனால் அவர் என்ன சொல்வார் என்று தெரியும். குறுக்கே கிடந்த பூக்களை மட்டும் எடுத்து அக்கா பக்கம் வைக்கலாம் என்று குனிந்தேன். பாதி குனியும்போது முதுகில் ஒரு பிடி பிடித்தது. "எனக்க யேசுவே!" என்று கத்திவிட்டேன்.

மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த அக்காவின் மகள் திரும்பிப் பார்த்தாள். "என்ன மாமா?"

"ஒண்ணும் இல்ல" என்றேன்.

அவள் வந்து என்னை நிமிர்த்திவிட்டாள். பூ அப்படியே கிடந்தது.