அந்த வார்த்தை போடாம சொல்லு

நான் பிள்ளை வளர்த்தது பெரும்பாலும் நாற்காலியில் உட்கார்ந்தபடிதான். மற்ற தாய்மார்கள் இடுப்பில் தூக்கியும் தெருவில் துரத்தியும் வளர்த்த அந்த எழுபதுகளில், ஆம்பூரில் ஒரு வாடகை வீட்டு முன்னறையில் பிரம்பு நாற்காலி போட்டு, வாயாலேயே வளர்த்தேன். வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. குறை இதயத்தில். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் உள்ளே ஒரு வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது. மகள் பிறந்த பிறகுதான் அது தன் வேலையைக் காட்டியது. குடம் தூக்கினால் மூச்சு வாங்கும், மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டும். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து தூங்குவேன். காலையில் எழுந்து புடவை கட்டி, நான் வேலை பார்த்த ஆரம்பப் பள்ளிக்கு ரிக்‌ஷாவில் போய்விடுவேன்.

நோயாளி என்றால் சாந்தமாக இருப்பாள் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். எனக்கு அப்போதும் கோபம் ஜாஸ்தி, இப்போதும் ஜாஸ்தி. அதிலும் பொய் சொன்னால் எனக்கு ஆகவே ஆகாது. மகளுக்கு அப்போது ஏழு வயது. என் கை எவ்வளவு தூரம் எட்டும் என்பது அவளுக்கு அத்துப்படி. ஓரடி தள்ளி நின்றுதான் எதிர்வாதம் பண்ணுவாள்.

ஒரு நாள் என் கண்ணாடி வளையல்களை எல்லாம் உடைத்துவிட்டு, "நான் உடைக்கல" என்றாள். எழுந்து துரத்தினேன். கிணற்றடி போய்ச் சேர்வதற்குள் நெஞ்சு அடைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். ஓடிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். மெதுவாக நடந்து வந்து என் முன்னால் நின்றாள்.

"நான்தாம்மா உடைச்சேன். அடி. ஆனா ஓடாத" என்றாள்.

எனக்குக் கை எழவில்லை. அன்றைக்கு மத்தியானம் சமைக்கவும் பிடிக்கவில்லை. என் கணவர் தோல் கம்பெனி ஆபீஸில் குமாஸ்தா. சாப்பாட்டுக்கு வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் பழைய சோற்றில் மோர் ஊற்றிக்கொண்டார்.

இனி தள்ளிப்போட முடியாது, வால்வுக்கு ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பிழைக்கிறவர்கள்தான் ஜாஸ்தி, ஆனால் எல்லோரும் என்று சொல்ல மாட்டேன் என்றார் டாக்டர். பூசி மெழுகாமல் பேசினார் என்பதால் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. பள்ளி மூடும் மே மாதத்தில் நாள் குறித்தோம்.

அன்றிலிருந்துதான் அந்த வார்த்தை என் வாயில் ஒட்டிக்கொண்டது. எங்கள் சபையில் பெரியவர்கள் நாளையைப் பற்றி எது சொன்னாலும் 'தேவ சித்தமானால்' என்று சேர்த்துக்கொள்வார்கள். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அது 'இன்ஷா அல்லா'. அவரைத் தெருவில் எல்லோரும் ஆபா என்று கூப்பிடுவோம், அவர்கள் வழக்கத்தில் அக்கா என்று அர்த்தம். நான் முன்பெல்லாம் அதைக் கல்யாணப் பேச்சுக்கும் ஊர்ப் பயணத்துக்கும் மட்டும்தான் சொல்வேன். இப்போது எல்லாவற்றுக்கும் வந்தது.

"ம்மா, நாளைக்கு இட்லியா?"

"தேவ சித்தமானா இட்லி."

"மாவுதான் அரைச்சாச்சே" என்றாள் மகள்.

ஸ்கூல் திறந்ததும் புதுப் பை வாங்கித் தருவியா என்று கேட்டாள். அதற்கும் அதே பதில். "அப்போ வாங்கித் தர மாட்ட" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். பெரியவர்கள் முடியாது என்பதை மரியாதையாகச் சொல்வதற்கு வைத்திருக்கும் வார்த்தை அது என்று அவள் கணக்கு. ஆபா வீட்டிலும் சர்க்கஸுக்குக் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டு, இன்ஷா அல்லா என்ற பதிலோடு திரும்பி வந்தவள்தானே.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தோம். சபையின் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். அவர்களில் மூத்த அக்கா ஜெபம் பண்ண ஆரம்பித்தார். நல்ல மனசு, அழுகை மட்டும் சீக்கிரம் வந்துவிடும். முதலில் டாக்டர்களுக்காக ஜெபித்தார், நர்ஸுகளுக்காக ஜெபித்தார். பிறகு குரல் உடைந்து, "ஆண்டவரே, இந்தத் தாயில்லாப் பிள்ளைக்கு நீரே தாயாக இரும்" என்றார்.

நான் கண்ணைத் திறந்தேன். "அக்கா, நான் இன்னும் இங்கதான் உக்காந்திருக்கேன்" என்றேன்.

ஒரு பெண் முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கினாள். அக்கா அவசரமாக ஆமென் சொல்லி முடித்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாய் தவறிடுச்சிம்மா" என்றார். வடையும் டீயும் கொடுத்து எல்லோரையும் அனுப்பினோம். நானும் சிரித்தேன். கட்டிலுக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மகள் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை தலை வாரிவிடும்போது கேட்டாள்.

"நீ ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டுத் திரும்பி வருவியா?"

"தேவ சித்தமானா வருவேன்."

"அந்த வார்த்தை போடாம சொல்லு."

என்னால் சொல்ல முடியவில்லை. ஆண்டவர் இருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. என்னை விட்டுவைப்பார் என்பதில்தான் நிச்சயம் இல்லை. வருவேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனால், அம்மாவும் பொய், அம்மா சொன்ன ஆண்டவரும் பொய் என்றுதானே இந்தப் பிள்ளை வளரும்? சாவதைவிட எனக்கு அதுதான் பயமாக இருந்தது. பின்னலைப் போட்டு ரிப்பனைக் கட்டிவிட்டேன்.

அதிலிருந்து அவள் என்னோடு பேச்சை நிறுத்தினாள். சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் கண்ணை அகலத் திறந்துகொண்டு சுவரைப் பார்ப்பாள். அவள் முறை வந்தால் ஒரு வார்த்தை இல்லை.

"வருவேன்னு அவகிட்ட சொல்லிட்டுப் போயேன். இன்னா குறைஞ்சிடும்?" என்றார் கணவர்.

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"பொய்யின்னு உனக்கு எப்படித் தெரியும்?"

பதில் இல்லாத இடத்தில் நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன், அவர் மேல் எரிந்து விழுந்தேன்.

புறப்படும் நாள் வந்தது. மகளை ஆபா வீட்டில் விட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. பிள்ளை வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்கக் கூடாது என்று ஆபா அவளுக்குப் பிடித்த சேமியா எல்லாம் செய்து வைத்திருந்தார். வாசலில் ரிக்‌ஷா நின்றது. கணவர் பையை ஏற்றினார். நான் மகளிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். சொன்னதைக் கேள், வெயிலில் அலையாதே, ராத்திரி ஜெபம் பண்ணிவிட்டுப் படு. அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தோள் ஆடுவதைப் பார்த்து அழுகிறாள் என்று நினைத்து என் மனசு இளகியது. கிட்டே போய்த் திருப்பினால், விரலை வாயில் வைத்து நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். அத்தனை நேரம் நான் பேசியது காற்றோடு போயிருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"இன்னாடி பழக்கம் இது? எடு கையை. இனிமே நகத்தைக் கடிச்சேன்னு தெரிஞ்சிது, வந்து தோலை உரிச்சிடுவேன்."

அவள் கையை வாயிலிருந்து எடுத்தாள். அந்த வாரத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"வந்தா?"

"வந்துதான். வராம அங்கிருந்தே உரிப்பாங்களா?"

"நிஜமா உரிப்பியா?"

"உரிக்கிறேனா இல்லையான்னு பாரு."

ஆபாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். ரிக்‌ஷாவில் ஏறி, பஸ் பிடித்து, மாதனூர் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த வார்த்தையைப் போட மறந்துவிட்டேன். கணவரிடம் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

ஆபரேஷனுக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போகும்போது ஜெபம் பண்ண முயன்றேன். மனப்பாடமாக இருந்த நல்ல நல்ல வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. கடைசியில் வந்தது இதுதான். ஆண்டவரே, கோபத்தில் பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். உம்மைக் கேட்காமல் கொடுத்தது தப்புதான். என்னைத் திட்ட வேண்டுமானால் பிறகு திட்டிக்கொள்ளும். அவளிடத்தில் என்னைப் பொய்க்காரி ஆக்காதேயும்.

கண் விழித்தபோது விலா முழுக்க வலி. பக்கத்தில் நின்ற நர்ஸ் மூச்சை நன்றாக இழுத்து விடச் சொன்னார். இழுத்தேன். அடிவரைக்கும் போயிற்று. வலியோடு வலியாக அழுதுவிட்டேன், நர்ஸ் பயந்துபோய் டாக்டரைக் கூப்பிட்டார். இத்தனை வருஷம் கழித்தும் அந்த மூச்சை நினைத்தால் எனக்கு ஸ்தோத்திரம் சொல்லத் தோன்றும்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த பிறகுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். வாடகைக் கார் வந்து நின்ற சத்தம் கேட்டு ஆபா முந்திக்கொண்டு வெளியே வந்தார். வந்ததும் வராததுமாகப் புகார்.

"டீச்சரம்மா, எல்லாம் சொன்னபடி கேட்டா. நகம் ஒண்ணுதான் பேஜார். வேப்பெண்ணெய் தடவினேன், மிளகாப்பொடி கூட தடவினேன். கண்ணுல தண்ணி வுட்டுக்கினே கடிக்கிறா."

மகள் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். இளைத்திருந்தாள், கொஞ்சம் வளர்ந்தும் இருந்தாள். ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நடந்துவந்து, பத்து விரலையும் விரித்து என் முன்னால் நீட்டினாள். ஒரு விரலில்கூட நகம் மிச்சமில்லை. சதை சிவந்து போயிருந்தது.

"நான் இன்னாடி சொல்லிட்டுப் போனேன்?" என்றேன்.

"கடிச்சா வந்து தோலை உரிப்பேன்னு சொன்னே."

"அப்புறம் ஏன் கடிச்சே?"

"கடிக்கலன்னா நீ எதுக்கு வருவே?"

ஆபா முக்காட்டை இழுத்துக்கொண்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போய்விட்டார். நான் படியில் உட்கார்ந்து அந்தப் பத்து விரலையும் என் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டேன். காய்ந்த மிளகாயின் நெடி அடித்தது.

"எனக்கு இப்போ உடம்புல தெம்பு இல்லடி. தோலை உரிக்க ரொம்ப நாள் ஆகும்" என்றேன்.

"ஆவட்டும். அதுவரைக்கும் நான் கடிச்சிக்கினே இருக்கேன்" என்றாள்.