ஏஞ்சலின் வயிற்றெரிச்சல்

ஆண்டவர் தன்னைத் தாண்டிப் போய்த் தன் ஓரகத்தியைத் தொட்டுவிட்டார் என்பதை ஏஞ்சலால் தாங்க முடியவில்லை.

காவாந்தண்டலம் கிராமத்தை ஒட்டிய காலனியில், தகரக் கூரை போட்ட ஜெப வீட்டைப் பெருக்குகிறவள் ஏஞ்சல். வெள்ளிதோறும் உபவாசம் இருக்கிறவளும் அவள்தான். நடவு முடித்து இடுப்பு விட்டுப்போன நாளிலும் முழங்காலில் நின்று, ஆவி இறங்கி அந்நிய பாஷை பேசும் வரத்துக்காகப் பல வருடம் அழுதாள். வரவில்லை. வந்தது கொழுந்தன் ஜானின் மனைவி பிரிஸ்கில்லாவுக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தின் நடுவே அவள் உதடு குவிந்தது, நாக்கு வெளியே எட்டிப் பார்த்து உள்ளே போனது, தாடை அசைபோட்டது. சத்தம் மட்டும் இல்லை. ஆவியானவர் மௌன பாஷையில் பேசுகிறார் என்று போதகர் ஞானதாஸ் கண் கலங்கி அறிவித்தார். மனதார நம்பித்தான் சொன்னார், அதுதான் ஆபத்து. அன்றிலிருந்து பிரிஸ்கில்லாவுக்கு முன்வரிசைப் பாய். காய்ச்சல் கண்ட குழந்தைகளை அவளிடம் தூக்கி வந்து தலையில் கை வைக்கச் சொன்னார்கள். ஜெப எண்ணெய்ச் சீசாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிற வேலை ஏஞ்சலுக்கு.

இதே பிரிஸ்கில்லாவைத்தான் ஊர் முன்பு லூசு என்றது. மகள் பிறந்த பிறகு அவளுக்குப் புத்தி தடுமாறியது. தூங்காமல், காதில் யாரோ பேசுவதாகச் சொல்லி அழுதாள். காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள், தெளிந்தாள். சில மாதம் கழித்துத் திரும்ப வரச் சொன்னார்கள். வாலாஜாபாத்தில் ரைஸ்மில்லில் மூட்டை தூக்கும் ஜானுக்கு ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போயிற்று. ஒரு மருந்துக்கடையில் மாத்திரையின் காலி அட்டையை நீட்டினான், கொடுத்தார்கள். வருடக்கணக்காக நீட்டினான், வருடக்கணக்காகக் கொடுத்தார்கள். யாருக்கு, எதற்கு, இன்னுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. வசதியுள்ளவன் வீட்டுப் பெண் என்றால் கேட்டிருப்பார்கள். கூலிக்காரன் மனைவி சத்தம் போடாமல் இருந்தால் போதும், குணமாகிவிட்டாள் என்று விட்டுவிடலாம்.

இந்த அநியாயமெல்லாம் ஏஞ்சலின் கவலை இல்லை. அவள் கண் முழுக்கப் பிரிஸ்கில்லாவின் வாயில் இருந்தது. அடிபம்பில் தண்ணீர் அடிக்கும்போதும் அந்த வாய் அசைந்தது. களை எடுக்கும்போதும் நாக்கு வெளியே வந்தது. தூங்கினால் மட்டும் நின்றது. சோற்றை மெல்ல முடியாமல் நாக்கைக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டாள்.

"ஏண்டி, மீன் கழுவுற எடத்துக்குமா வராரு ஆண்டவரு?" என்று ஒருநாள் கேட்டாள் ஏஞ்சல். பிரிஸ்கில்லா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அப்போதே ஏஞ்சல் முடிவு செய்துவிட்டாள். இது ஆவியின் அபிஷேகம் இல்லை, நோய் என்று டாக்டர் வாயாலேயே சொல்லக் கேட்க வேண்டும்; அதைச் சபை நடுவில் எழுந்து நின்று சாட்சியாகச் சொல்ல வேண்டும். வாய்ப்புண்ணுக்குக் காட்டிவருவதாக ஜானிடம் சொல்லிப் பிரிஸ்கில்லாவைப் பஸ் ஏற்றினாள். கட்டிய கணவனும் கும்பிட்ட சபையும் மறுபடி கூட்டிப்போகாத காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரிக்கு வயிற்றெரிச்சல் கூட்டிப்போனது.

டாக்டரம்மா பிரிஸ்கில்லாவின் நாக்கை நெடுநேரம் பார்த்தார். விரல்களைத் தட்டச் சொல்லிவிட்டு வாயைக் கவனித்தார். எந்த மாத்திரை, எத்தனை காலமாக என்று விசாரித்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: இது அந்த மாத்திரையை நெடுங்காலம் தின்றதால் வந்தது. சட்டென நிறுத்தக்கூடாது, பழைய நோய் திரும்பலாம். தன் கண்பார்வையில் மெல்லக் குறைத்து வேறு மாத்திரைக்கு மாற்ற வேண்டும். முழுக்கச் சரியாகும் என்று உறுதி சொல்ல முடியாது. இப்படியே விட்டால் ஆயுசுக்கும் நிற்காமல் போகலாம்.

ஏஞ்சலுக்கு நெஞ்சு குளிர்ந்தது. வெளியே பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதே சாட்சிக்கான வார்த்தைகளை மனதில் அடுக்க ஆரம்பித்தாள்.

"நான் மாத்திரைய மாத்தலக்கா" என்றாள் பிரிஸ்கில்லா.

"இன்னாடி ஒளர்ற? டாக்டரு சொன்னது காதுல வியலையா?"

"வியுந்துச்சி. இது மாத்திரையாலன்னு தெரிஞ்சா நான் திரும்பவும் லூசு பொம்பளதானே? இப்பதான் என்னை மனுஷியா பாக்குறாங்க. இது சாமி இல்லன்னு எனுக்குத் தெரியாதா? சோறு எறங்காம நான்தானே அவஸ்தப்பட்டுக்கினு கீறேன்." கொஞ்ச நேரம் தாடை தன்பாட்டுக்கு அசைந்தது. "சபையில சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு. மாத்திக்கறேன்."

ஏஞ்சல் வந்ததே அதைச் சொல்வதற்காகத்தான். பஸ் வந்தது, ஏறினார்கள். பக்கத்தில் ஜன்னலோரம் தூங்கிவிட்டவளின் வாய் அமைதியாக இருந்ததைப் பார்த்தாள். ஊர் எல்லையில் பிரிஸ்கில்லா விழித்ததும் அந்த நாக்கு மறுபடி வெளியே வந்தது.

"சொல்லல, போ" என்றாள் ஏஞ்சல், எரிச்சலாக.

புது மாத்திரை தொடங்கிய பிறகும் வாய் உடனே அடங்கிவிடவில்லை. அடுத்த ஞாயிறும் பிரிஸ்கில்லா முன்பாயில்தான் இருந்தாள். ஞானதாஸ் ஜெபத்தை நிறுத்தி ஏஞ்சலைப் பார்த்தார். சிஸ்டர் முகத்தில் சமாதானமே இல்லையே, முன்னால் வந்து பிரிஸ்கில்லாவிடம் ஆசீர்வாதம் வாங்கிக்கொள்ளட்டும் என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சீசாவைக் கீழே வைத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஏஞ்சல் ஓரகத்தியின் முன்னால் மண்டியிட்டாள். தலைமேல் கை வந்து அமர்ந்தது. காதருகே குனிந்து பிரிஸ்கில்லா முணுமுணுத்தாள்:

"அடுத்த தபா ஆஸ்பத்திரிக்கு நீயும் வருவ இல்லக்கா? தனியா போவ பயமா கீது."

"வரேண்டி" என்றாள் ஏஞ்சல். "கைய எடு."