கேக்கின் நிறம்

செம்பாக்கத்தில் ஃப்ளாட் வாங்கிக் குடிவந்து மூன்று வருடங்கள் ஆகியும் எங்கள் குடும்பத்தின் கிறிஸ்துமஸ் சாப்பாடு கிழக்குத் தாம்பரத்தில், என் கணவருடைய தம்பி வீட்டில்தான் நடந்துவந்தது. மாமியார் அங்கே இருப்பதுதான் காரணம் என்றார்கள். மாமியாரை ஆட்டோவில் கூட்டிவரப் பத்து நிமிஷம் போதும். உண்மையான காரணம் கேக்.

தம்பியின் மனைவி, அதாவது என் ஓரகத்தி, செய்கிற கேக் ஏறக்குறைய கருப்பாக இருக்கும். கத்தி இறங்கும்போது உதிராது. வெட்டிய முகத்தில் திராட்சையும் முந்திரியும் அடியில் போய்த் தேங்காமல் மேலிருந்து கீழ்வரை பரவி நிற்கும். நாக்கில் முதலில் இனிப்பு, பிறகு லேசான கசப்பு, அதற்கும் பிறகு ரம். இவ்வளவையும் நான் கவனித்தது ரசித்ததால் இல்லை. அந்தக் கேக்கைப் பார்த்தாலே எனக்கு எரியும். எரிந்துகொண்டே மூன்று துண்டு சாப்பிடுவேன்.

நான் நாகர்கோவில் பக்கம். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் என்றால் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும். கேக் கடையில் வாங்குகிற பொருள். அவள் பல்லாவரம். அவள் அம்மா ரயில்வே குவார்ட்டர்ஸில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்துக்கு இருபது வருஷம் சமைத்தவர். கேக் அந்த வழியில் வந்தது. அவள் பத்தாவது வரை படித்தவள். நான் எம்.ஏ. தமிழ், ஒரு நாளிதழில் துணை ஆசிரியர். நிருபர்கள் எழுதி அனுப்புவதைத் திருத்தி அச்சுக்கு அனுப்புவது என் வேலை. இந்த வித்தியாசத்தை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. மறந்ததும் இல்லை.

அலங்காரத்திலாவது அவளைத் தாண்டலாம் என்று பார்த்தேன். அவள் ஒரு சவுக்குக் கிளையை வாங்கி, மணல் நிரப்பிய பக்கெட்டில் நட்டு, பஞ்சைப் பிய்த்துத் தூவுவாள். குடிலுக்கு முன்னால், பத்து நாள் முன்பே தட்டில் விதைத்த கேழ்வரகு பச்சையாக முளைத்து நிற்கும். வாசலில் ஒரே ஒரு காகித நட்சத்திரம். நான் பாரிமுனை வரை போய் பிளாஸ்டிக் மரம் வாங்கினேன். எட்டு விதமாக மினுங்கும் சீரியல் செட் இரண்டு. முடிச்சூரிலிருந்து வந்த என் நாத்தனார் பால்கனியை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "என்ன அண்ணி, செல்போன் கடை திறக்கிறீங்களா?" என்றாள். சொல்லிவிட்டு மாலையே தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

2005 நவம்பரில் ஓரகத்தியிடம் கேக் செய்முறையைக் கேட்டேன். தயங்குவாள் என்று எதிர்பார்த்தேன். "இதுக்கென்ன அக்கா" என்று மறுநாளே எழுதிக் கொடுத்தாள். கோடு போட்ட நோட்டுத் தாளின் இரண்டு பக்கமும் நீலப் பேனாவில் உருண்டை உருண்டையான எழுத்து. அவ்வளவு சுலபமாகக் கிடைத்தது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அலுவலகத்தில் தேநீர் நேரத்தில் அந்தத் தாளை எடுத்துப் படித்தேன். கையில் சிவப்புப் பேனா இருந்தது. 'வெண்ணை' என்று எழுதியிருந்தாள். 'வெண்ணெய்' ஆக்கினேன். 'எலுமிச்சம் பலம்' என்பதைப் பழம் ஆக்கினேன். 'சர்க்கரை கால் கிலோ கருக்கி, வெந்நீர் ஊத்தி ஆற வைக்கவும்' என்று ஒரு வரி. கருக்குவதாவது. எங்களுக்கு வரும் செய்திகளில் இதைவிட மோசமான பிழைகள் உண்டு. 'க'வை அடித்து மேலே 'உ' போட்டேன். மொத்தம் எட்டுத் திருத்தங்கள். தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

அப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் ஓவன் கிடையாது. மாவை வீட்டில் கலந்து, பாத்திரத்தோடு பேக்கரிக்கு எடுத்துப் போவோம். டிசம்பர் மூன்றாவது வாரம் அந்த பேக்கரியின் பின்வாசலில் குண்டானும் தூக்குமாகப் பெண்கள் வரிசை நிற்கும். தட்டால் மூடியிருந்தாலும், அடுப்புக்காரர் தட்டை எடுத்து மாவைத் தகர டின்னில் ஊற்றும்போது வரிசை முழுவதும் எட்டிப் பார்க்கும். யார் முட்டையைக் குறைத்தார்கள், யார் முந்திரிக்குப் பதில் வேர்க்கடலை போட்டார்கள் என்பதெல்லாம் அந்த ஐந்து விநாடியில் தெரிந்துவிடும்.

என் பாத்திரத்தின் தட்டை எடுத்தாயிற்று. அடுப்புக்காரர் மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னாக்கா, மாவு இவ்ளோ வெளுப்பா கீது? உங்க வூட்டு சின்னக்கா எடுத்தாந்தா தார் மாதிரி இருக்குமே."

"இது எங்க ஊர்ப் பக்குவம்" என்றேன்.

"சரிக்கா" என்று ஊற்றிவிட்டார். வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தார் என்று நினைக்கிறேன். என் முகத்தைப் பார்த்து நிறுத்தியிருக்க வேண்டும்.

கேக் பிஸ்கட் நிறத்தில் வந்தது. பண்டிகையன்று தம்பி வீட்டில் அவளுடையதும் என்னுடையதும் பக்கத்துப் பக்கத்துத் தட்டில் இருந்தன. மாமியார் என்னுடையதில் ஒரு துண்டு எடுத்து, "டீக்கு நல்லா இருக்கும்" என்றார். நாத்தனார் சமையலறைக்கு வந்து, "சின்ன அண்ணிகிட்ட கேட்டுத்தானே செஞ்சீங்க?" என்றாள்.

"கேட்டேன். முழுசா எழுதித் தர மனசு வரலை போல."

சொன்ன உடனே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது. நாத்தனார் "ஓ" என்றாள். நீளமான ஓ.

அடுத்த வருஷம் நான் உளவு பார்க்கப் போனேன். அவள் கேக் கலக்கும் நாள் எது என்று மாமியாரிடம் போனில் தெரிந்துகொண்டு, அன்று காலை சும்மா வந்த மாதிரி போய் நின்றேன். தாமதமாகிவிட்டது. மாவு கலந்து முடித்திருந்தாள். கருகருவென்று இருந்தது. அலமாரியில் பார்த்தேன், குப்பைக் கூடையில் பார்த்தேன், புதிதாகப் பிரித்த டப்பாவோ பாக்கெட்டோ இல்லை. தொட்டியில் ஒரு இரும்புக் கடாய் தண்ணீர் ஊற்றி ஊறிக்கொண்டிருந்தது. அடி முழுவதும் கருப்பாகப் பிடித்திருந்தது. இவளும் எதையோ தீய்த்துவிட்டாள் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அவள் போட்டுத் தந்த காபியைக் குடித்துவிட்டு உற்சாகமாகத் திரும்பினேன்.

கோகோ பவுடராகத்தான் இருக்கும் என்று முடிவுசெய்தேன். எங்கள் பத்திரிகையின் பெண்கள் இணைப்பிலேயே வருஷா வருஷம் கேக் குறிப்பு வரும். அதை நான் புரட்டவில்லை. எனக்கு யாருடைய கேக்கும் வேண்டாம், அவளுடையது வேண்டும். கோகோ போட்டதில் நிறம் வந்தது. மாமியார் சாப்பிட்டுவிட்டு, "சாக்லேட் கேக் பிள்ளைங்களுக்குப் பிடிக்கும்" என்றார். நாத்தனார் என்னைப் பார்த்து இமையை லேசாக மூடித் திறந்தாள். இன்னமும் சொல்லித் தரவில்லையா என்று அதற்கு அர்த்தம்.

மூன்றாவது வருஷம் தம்பி வீட்டில் மாடி கட்ட ஆரம்பித்தார்கள். சமையலறை முழுக்க சிமெண்ட் தூசி. கிறிஸ்துமஸ் சாப்பாடு எங்கள் வீட்டில் என்று முடிவானது. கணவர் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு செய்தித்தாளை எடுத்துக்கொண்டார். நான் அன்றைக்கே திரைச்சீலைகளை இறக்கித் துவைக்கப் போட்டேன். பதினாறு பேருக்குத் தட்டு, டம்ளர். பிரியாணிக்கு ஆளைச் சொல்லியாகிவிட்டது. சீரியல் செட் ஒன்று போதும் என்று மற்றொன்றைப் பரணில் ஏற்றினேன். எல்லாம் சரியாக அமைந்தால் இனி வருஷா வருஷம் இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று மாமியார் ஒரு வார்த்தை சொல்லக்கூடும். அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு வேண்டியிருந்தது. கேக் மட்டும் கையில் இல்லை.

பண்டிகைக்கு மூன்று நாள் முன்பு காலையில் ஓரகத்தி வந்தாள். ரம்மில் ஊறிய பழங்கள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில். "அக்கா, என் அடுப்பு மூட்டைக்குள்ள கிடக்கு. இங்கயே ரெண்டு பேரும் சேர்ந்து கலந்துடலாமா?"

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? மேடையைத் துடைத்துக் கொடுத்தேன். இன்றைக்கு ரகசியம் வெளிவரும் என்றும் நினைத்தேன். அவள் வெண்ணெயைக் குழைத்துக்கொண்டே, "ரெண்டு கேக்குக்கு ஒண்ணா நான் கலந்ததில்ல. அளவெல்லாம் கூட்டிப் போடணும். நான் எழுதிக் குடுத்த தாள் இருக்கா?" என்றாள்.

இருந்தது. பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக. எடுத்துக் கொடுத்த பிறகுதான் சிவப்பு நினைவுக்கு வந்தது.

அவள் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உதடு அசைய ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

"டீச்சர் மாதிரி திருத்தியிருக்கீங்க."

"ஆபீஸ் பழக்கம்."

"வெண்ணெய்க்கு இவ்ளோ எழுத்தா?" என்று சிரித்தாள். பிறகு ஒரு வரியில் விரல் நின்றது. "அக்கா, இது என்ன? உருக்கின்னு இருக்கு."

"நீ கருக்கின்னு எழுதியிருந்தே."

"ஆமா. கருக்கணும்ல."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். இரண்டு வருஷத்து வெளுத்த கேக்கும் சாக்லேட் கேக்கும் அவளுக்கு அந்த நொடியில் விளங்கியிருக்க வேண்டும். சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. "பழைய கடாய் இருந்தா குடுங்க அக்கா" என்றாள்.

வெறும் கடாயில் சர்க்கரையைக் கொட்டி அடுப்பை மூட்டினாள். ஓரத்தில் இளகியது. தேன் நிறமாகி, டீ நிறமாகியது. நான் கை நீட்டினேன்.

"தீயுது."

"தீயட்டும்."

டிகாக்ஷன் நிறம் வந்தது. குமிழிகள் பெரிதாகி உடைந்தன. புகை எழுந்து கண்ணைக் கரித்தது. "போதும்" என்றேன். "இன்னும்" என்றாள். மருந்து மாதிரி ஒரு கசப்பு வாசனை அடித்ததும் அடுப்பை அணைத்து, தள்ளி நின்று, கைநீட்டி வெந்நீரை ஊற்றினாள். கடாய் சீறியது. அடங்கியபோது தார் மாதிரி இருந்தது. அந்தக் கேக்கின் கசப்பு இந்த வாசனைதான்.

"அடுத்த கால் கிலோவ நீங்க கருக்குங்க" என்று கரண்டியைக் கொடுத்தாள். என் கேக்குக்கு நான்தான் கருக்கினேன். அடுப்பை ஒரு நிமிஷம் முன்னாலேயே அணைக்கப் போனேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

பேக்கரியில் தட்டைத் திறந்த அடுப்புக்காரர், "இப்ப வந்துச்சுக்கா" என்றார். வரிசை எட்டிப் பார்த்தது. நன்றாகப் பார்க்கட்டும் என்று ஒதுங்கி நின்றேன்.

கிறிஸ்துமஸ் மதியம் பிரியாணி முடிந்து கேக் வந்தது. என்னுடையதை நடுவில் வைத்தேன். அவளுடையதைச் சற்றுத் தள்ளி வைத்தேன். மாமியார் ஒரு துண்டு வாயில் போட்டு, "சின்னவ கைதானே இது?" என்றார்.

"இல்ல அத்தை, அக்கா செஞ்சது" என்றாள் ஓரகத்தி.

மாமியார் இன்னொரு துண்டு எடுத்தார். நான் காத்திருந்த வார்த்தை அவர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது என்று தோன்றியது. அப்போது நாத்தனார் வாய் நிறையக் கேக்கோடு சொன்னாள்: "பரவால்ல சின்ன அண்ணி, மூணாவது வருஷமாவது முழுசா எழுதிக் குடுத்தீங்களே."

ஓரகத்தி, "நான் எதை எழுதலை?" என்றாள். நாத்தனார் என்னைப் பார்த்தாள். அவளைத் தொடர்ந்து ஓரகத்தியும் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கணக்கு சரிவராதவள் மாதிரி பார்த்தாள்.

எங்கள் பத்திரிகையில் தப்பு வந்தால் மறுநாள் உள்பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் திருத்தம் போடுவோம். அந்த மாதிரிதான் சொன்னேன், கூடியவரை சுருக்கமாக. "அவ முதல் வருஷமே முழுசாத்தான் எழுதிக் குடுத்தா. கருக்கின்னு எழுதியிருந்தா. நான் தப்புன்னு நினைச்சு உருக்கின்னு திருத்திட்டேன். மறைச்சிட்டான்னு சொன்னதும் நான்தான்."

முதலில் சிரித்தது தம்பி. "அண்ணி, எம்.ஏ.வுக்கு இதுவா பாடம்?" பிறகு எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த ஓரகத்தியின் தலையைத் தடவினார். "பாவம், இவ ஒரு வார்த்தை சொல்லாம இருந்திருக்கா பாரு." கேக் செய்தவள் நான். கையில் கத்தியோடு நின்றுகொண்டிருந்தேன்.

ஓரகத்தி அன்றைக்கு என்னிடம் அதிகம் பேசவில்லை. கிளம்பும்போது வாசலில், "என்கிட்ட கேட்டிருக்கலாம் அக்கா" என்றாள். அவ்வளவுதான்.

மாடி முடிந்தது. அடுத்த கிறிஸ்துமஸ் சாப்பாடு தாம்பரத்துக்கே திரும்பிப் போனது. புது மாடியில் காற்று வருகிறது என்றார் மாமியார். நான் தனியாகக் கருக்கிச் செய்த கேக்கோடு போனேன். ஓரகத்தி அதை வாங்கி, தன்னுடைய தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, என்னுடையதை முதலில் வெட்டினாள். இரண்டும் ஒரே கருப்பு. பக்கத்தில் நின்று பார்த்தாலும் எது யாருடையது என்று சொல்ல முடியாது.

எல்லோரும் கை கழுவப் போன பிறகு தட்டுகளை ஒழிக்கிற சாக்கில் எண்ணிப் பார்த்தேன். அவளுடையதில் நான்கு துண்டு மிச்சம். என்னுடையதில் ஆறு.